பிறவிச் சைவத்துக்கும் ஃபேட்டி லிவர் வரும்

ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்வது என்றால், குடிப்பவர்களுக்கு வருவது, இல்லாவிட்டால் கறியும் மீனும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு வருவது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. பிறந்த வீடு வடலூர்ப் பக்கம், வள்ளலார் வழியில் வந்த குடும்பம். எனக்கு 47 வயதில் வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று எழுதி வந்தது. கணவர் கடலூர் முதுநகர்க்காரர், மீன் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்குத் துணையாக வந்தவர் தானும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டார். அவருடைய கல்லீரலில் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, மீனும் கறியும் திங்கிற எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல, கீரையும் கத்திரிக்காயும் திங்கிற உனக்கு ஈரல்ல கொழுப்பா? ரிப்போர்ட்ட மாத்திக் கொடுத்துட்டாங்களான்னு கேட்டியா?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். 'நாம சைவம், நமக்கு எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்' என்று இருக்கிற என் வயதுப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

பாண்டியில் ஒரு கல்லீரல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் சைவமா அசைவமா என்று முதலில் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "காலையில எழுந்ததிலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீங்க, அளவோட சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். ஆறு மணிக்கு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பிஸ்கட். எட்டரைக்கு ஐந்து இட்லி, சட்னி. அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, அதோடு பஜ்ஜியோ வெஜ் பப்ஸோ. மதியம் டப்பாவில் சாம்பார் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், அப்புறம் மோர் சோறு. ராத்திரி தோசை, பொடி, எண்ணெய். படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து அரிசி, மைதா, சர்க்கரை, உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். தாள் முழுக்கச் சிவப்பு. "இதுல பருப்பு எங்கம்மா இருக்கு?" என்றார். சாம்பாரில் இருக்கிறதே என்றேன். "நாலு பேருக்கு எவ்வளவு பருப்பு போடுவீங்க?" "ஒரு கைப்பிடி டாக்டர்." நீலப் பேனாவால் சாம்பார் மேல் ஒரு சின்ன டிக் போட்டார். அந்தத் தாளில் இருந்த ஒரே டிக் அதுதான். எங்களைப் போன்ற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் சாப்பாடு. எல்லாமே செடியிலிருந்து வந்தது, எல்லாமே சைவம். ஆனால் முக்கால்வாசி மாவும் சர்க்கரையும்.

கல்லீரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் நேரே போய்க் கல்லீரலில் உட்கார்ந்துகொள்வதாகத்தான் நினைத்திருந்தேன். ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்ததில், அந்தக் கொழுப்பில் சுமார் 60 சதவீதம் ஏற்கெனவே உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வருகிறது. இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காதபோது தொப்பையில் இருப்பது ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். கால் பங்கு, சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே தயாரிப்பது. அன்றாடச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வருவது 15 சதவீதம் அளவுதான். ஆக, மீன் சாப்பிடாமல் இருப்பதால் மட்டும் கல்லீரல் தப்பித்துவிடாது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. நம் உடல்வாகும் ஒரு காரணம். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். எனக்கு 96.

கணவர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்குகிறவர். சாப்பிடும் சோற்றை அவருடைய தசை எரித்துவிடுகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். அத்தையின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அவரை மீன் சாப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, வறுவலைக் குறைத்துக் குழம்பாகச் சாப்பிடச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு சங்கடம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புலால் மறுத்தல் என்பது உயிருக்குச் சமமான விஷயம். 1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மாதப் பூசத்துக்குப் போனால் அங்கே சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்தவளுக்குச் சைவம் கைகொடுக்கவில்லையே என்று அம்மா உடைந்துபோனார். நான் யோசித்துப் பார்த்தேன். வள்ளலார் புலாலை மறுக்கச் சொன்னது மற்ற உயிர்கள் மேல் உள்ள இரக்கத்தால். அந்த இரக்கம் என் தட்டில் இருக்கிற சர்க்கரைக்கும் மைதாவுக்கும் பொறுப்பேற்காது. என் கொள்கை என் கொள்கையாகவே இருக்கட்டும், அதற்குள் இருந்துகொண்டே எந்தச் செடியை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். இது தெளிவானதும் மற்றதெல்லாம் சமையலறை வேலையாகிவிட்டது.

அதற்கு முன் பரிசோதனைகளைப் பற்றி. ஸ்கேனில் வரும் கிரேடு 1, 2, 3 என்பது கொழுப்பு எவ்வளவு தெரிகிறது என்று மட்டுமே சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம், அதை அந்தக் கிரேடு சொல்லாது. ரத்தப் பரிசோதனையை வைத்தே ஒரு கணக்கு போடலாம், 'ஃபிப்-4' என்பார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்பவை ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்க வேண்டும். அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் (2 லட்சத்து 60 ஆயிரம் என்றால் 260) வகுத்து, வருவதை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் இன்னொரு தரம் வகுக்க வேண்டும். எனக்கு எஸ்ஜிஓடி 46, எஸ்ஜிபிடி 68, பிளேட்லெட் 2 லட்சத்து 60 ஆயிரம். கணக்கு போட்டால் 1 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் தழும்பு பெரிதாக இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. எனக்குச் சர்க்கரை எல்லையில் நின்றதால் (மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1) ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் கருவி அது, ஊசி எதுவும் கிடையாது. 6.1 கிலோபாஸ்கல் வந்தது. 8க்குக் கீழே என்றால் பயப்பட வேண்டாம் என்றார்கள்.

கல்லீரலுக்கு என்று மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. 71 கிலோ இருந்தேன். எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் ஆறும், 10க்கு மேல் போனால் தழும்புகூடக் குறைய வாய்ப்பு உண்டு என்று சொல்லி, ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கக் கூடாது, பித்தப்பையில் கல் வரும், கல்லீரலும் தாங்காது என்று கண்டிப்பாகச் சொன்னார். மாதம் ஒரு கிலோ இறங்கினால் போதும்.

நான் முதலில் கை வைத்தது சாம்பாரில். நாலு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு என்று தராசில் நிறுத்துப் போட்டேன். பார்க்க ரொம்ப அதிகமாகத் தெரிந்தது, "கூட்டு மாதிரி இருக்கே" என்றார் அத்தை. உண்மையில் ஆளுக்கு எட்டு கிராம் புரதம்தான் அதில் வருகிறது. சைவக்காரர்களுக்கு இதுதான் முதல் பாடம் என்று நினைக்கிறேன். எனக்கு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள், நான் அதில் பாதிகூடச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. புரதம் போதாவிட்டால் பசி அடங்காது, மறுபடி சோற்றுக்கோ பிஸ்கட்டுக்கோதான் கை போகும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும்.

அதனால் ராத்திரி படுக்கும் முன் ஏதாவது ஒன்றை ஊறப்போடுவது பழக்கமாயிற்று. கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றி. காலையில் இட்லி இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். தோசை மாவில் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டினேன். எங்கள் மாவட்டத்தில் உளுந்துக்குப் பஞ்சமில்லை, நெல் அறுத்த வயலில் விதைக்கிற பயிர் அது. வாரத்தில் இரண்டு நாள் பச்சைப்பயறு அடை, இஞ்சியும் பச்சைமிளகாயும் வைத்து அரைத்து முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டது. சோயா உருண்டைகளை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுப் பிரட்டினால் என் கணவரே "மட்டன் சுக்கா மாதிரி இருக்கு" என்று எடுத்துச் சாப்பிடுகிறார். உலர்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் அதில் 12, 13 கிராம் புரதம் இருக்கிறது. சாயங்காலப் பஜ்ஜி இருந்த இடத்துக்கு வேகவைத்த மல்லாட்டை வந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒரு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது.

சோற்றை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னால் என்னால் முடியாது, பெரும்பாலோரால் முடியாது. தட்டை மாற்றினேன். முதலில் பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், கால் தட்டுக்குப் பருப்போ பயறோ, மீதிக் கால் தட்டில் சோறு. சாப்பிடும் வரிசையும் அப்படியே, காயும் பருப்பும் உள்ளே போன பிறகுதான் சோறு. அப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதில்லை. இரண்டு கரண்டி சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் போகவில்லை.

சிறுதானியம் பற்றி ஒரு எச்சரிக்கை. விருத்தாசலம் பக்கத்திலிருந்து நல்ல கம்பும் வரகும் வருகின்றன, நாங்களும் வாங்குகிறோம். ஆனால் சிறுதானியமும் தானியம்தான், அளவு பார்க்காமல் சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். கேழ்வரகு மால்ட் என்று மாவாகக் காய்ச்சி, அதில் வெல்லம் போட்டுக் குடித்தால் டீயில் சர்க்கரை போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பங்கூழை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு டம்ளரோடு நிறுத்தினால் நல்லது.

சர்க்கரை விஷயத்தில் நம் ஊரில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது, வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் நல்லது என்று. கல்லீரலுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. எல்லாவற்றிலும் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகை பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகிறது, தேவைக்கு மேல் போனால் அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. நான் முன்பு சொன்ன டீயையும் பாலையும் கூட்டினால் நாளைக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை. பானத்தில் இருந்த சர்க்கரையை முழுதும் விட்டேன். முதல் வாரம் டீ வாயில் வைக்க முடியவில்லை. அதனால் காபிக்கு மாறினேன், டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கலாக, பால் குறைவாக, சர்க்கரை இல்லாமல். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது என்று பிறகு டாக்டரம்மா சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு இரண்டு கப் குடிக்கிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிடையாது. வெயில் காலத்தில் நன்னாரி சர்பத்துக்கும் சாத்துக்குடி ஜூஸுக்கும் பதில் நீர்மோர்.

பழம் சாப்பிடலாம், முழுப் பழமாக. கொய்யா, நாவல், பப்பாளி ஒரு துண்டு. ஜூஸாகப் பிழிந்தால் நார் போய்விடும், நாலு பழத்துச் சர்க்கரை ஒரே மடக்கில் உள்ளே போகும். பண்ருட்டியை அரை மணி நேரத் தூரத்தில் வைத்துக்கொண்டு பலாப்பழத்தை விடச் சொன்னால் எப்படி? நான் விடவில்லை. சீசனில் நாலு சுளை, அதுவும் சாப்பாட்டுக்கு மேல் இல்லை, சாயங்காலப் பலகாரத்துக்குப் பதிலாக. அதைவிடப் பலாமூசு, அதாவது பலாப் பிஞ்சு, எனக்கு ரொம்பக் கைகொடுத்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் சீவி, துண்டு போட்டு மஞ்சள்தூள் உப்பில் வேகவைத்து, நசுக்கி, கடுகு மிளகாய் தாளித்துப் பிரட்டினால் நார் நிறைந்த ஒரு பொரியல். தட்டில் சோறு குறைந்தது தெரியவே தெரியாது. பழுத்த சுளையில் இருக்கிற சர்க்கரை பிஞ்சில் இல்லை. முந்திரியும் பண்ருட்டிச் சொத்துதான், அதை வறுத்து உப்புப் போட்டு டப்பாவில் வைத்தால் கணக்கு தெரியாமல் தீர்ந்துவிடும். ஐந்தாறு பருப்பை எண்ணி எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுகிறேன்.

எண்ணெய் பற்றி. பின்லாந்தில் 2018இல் வெளியான ஒரு ஆய்வில், கொஞ்சம் பருமனான 38 பேருக்கு மூன்று வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது, சர்க்கரையாகக் கொடுத்தவர்களுக்கு 33, நிறைவுறாத கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்கு 15. சைவச் சமையலில் நிறைவுற்ற கொழுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காய். பேக்கரி பப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிவது வனஸ்பதியால்தான், அதை அடியோடு விட்டேன். ரேஷன் பாமாயிலை இப்போது வீட்டில் வாங்குவதில்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான், அதுவும் ஸ்பூனால் அளந்து. தேங்காயைச் சட்னிக்கு அரை மூடிக்குப் பதில் கால் மூடி, பொட்டுக்கடலையைக் கூட்டிப் போட்டு. குருமாவில் தேங்காய்ப்பால் விசேஷத்துக்கு மட்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முழுக்க வீகன் ஆகவில்லை, மோரும் தயிரும் இருக்கின்றன. செடி உணவு அதிகமாக இருந்தால் கல்லீரலுக்கு நல்லதா என்று கேட்டால், ஆம், ஆனால் அது முழு உணவாக இருக்க வேண்டும். இஸ்ரேலில் 294 பேரை ஒன்றரை வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2021இல் வந்தது. ஒரு பிரிவினர் சிவப்பு இறைச்சியைக் குறைத்து, வால்நட், கிரீன் டீ, தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு சின்னப் பச்சைச் செடி என்று செடி உணவைக் கூட்டினார்கள். அவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு சுமார் 39 சதவீதம் குறைந்தது. அந்தக் கூடுதல் பச்சை இல்லாமல் அதே வகைச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு 20, பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 12. அந்தச் செடி எங்கள் சந்தையில் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று தினம் ஒரு கட்டு கிடைக்கிறதே, அதையே கூட்டாக்கிப் பருப்போடு சாப்பிடுகிறேன்.

கீரை என்றதும் மூலிகை ஞாபகம் வருகிறது. ஸ்கேன் செய்தி பரவியதும் கீழாநெல்லியோடு வந்தவர்கள், கரிசலாங்கண்ணிப் பொடியோடு வந்தவர்கள், 'லிவர் சூரணம்' என்று டப்பா கொண்டுவந்தவர்கள் என்று வீடு நிறைந்தது. எல்லோரும் அன்பால் கொண்டுவந்தார்கள். கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் வள்ளலாரே சிறப்பித்துச் சொன்னவை, எங்கள் வீட்டில் துவையலாகவும் பொரியலாகவும் இன்றும் சமைக்கிறோம். உணவாகச் சாப்பிடுவது வேறு, மருந்தாகக் காய்ச்சித் தினமும் குடிப்பது வேறு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச்சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். கிரீன் டீயைச் சாறெடுத்து அடைத்த மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. கல்லீரல் ஏற்கெனவே சோர்ந்திருக்கும்போது அதன் தலையில் எதையும் கட்டாதீர்கள். எதை எடுத்தாலும் கல்லீரல் பார்க்கிற டாக்டருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள்.

சைவக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று பி12. செடி உணவில் அது கிடையாது, பால் தயிரில் இருப்பது பலருக்குப் போதுவதில்லை. எனக்கு 168தான் இருந்தது, அது குறைவு. உள்ளங்கால் எரிச்சலுக்கு நான் செருப்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். பி12 மாத்திரை ஆரம்பித்த பிறகு அது மெல்ல அடங்கியது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 இன்னும் இறங்கும்.

நடை சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை கணவரோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில், மணலில் காலை ஊன்றி நடந்தால் அதுவே நல்ல பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. கூடவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. தசை இருந்தால்தான் சர்க்கரை போக இடம் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துவிட்டுத் தெருவில் பத்து நிமிடம் நடப்பது எல்லாவற்றையும்விட எளிதாகப் பிடிபட்டது.

கல்யாண வீடுகள்தான் கஷ்டம். இலையில் முதலில் இனிப்பைத்தான் வைப்பார்கள். நான் பொரியல், கூட்டு, பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சோற்றை ஒரு தரத்தோடு நிறுத்துகிறேன். பாயசத்தை ஒரு வாய் குடிக்கிறேன், பெரியவர்கள் மனம் நோகக் கூடாது. கிருத்திகை விரதம் இருப்பேன், ஆனால் விரதம் முடிந்து ஜவ்வரிசியும் கேசரியும் என்று போகாமல் சுண்டலும் பழமுமாக முடித்துக்கொள்கிறேன்.

குடியைப் பற்றி நான் பேச ஆள் இல்லை, ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாண்டியில் இருக்கும் உறவுக்காரர் ஒருவருக்கும் ஃபேட்டி லிவர். என் சாப்பாட்டு முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார், மதுவை விடவில்லை. குடித்துக்கொண்டே சுண்டல் சாப்பிட்டால் கல்லீரல் தேறாது. அவருக்கு முதல் வைத்தியம் குடியை நிறுத்துவதுதான், அதற்கு மருத்துவ உதவி இருக்கிறது, தானாக ஒரே நாளில் நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம் என்பதால் டாக்டரோடுதான் நிறுத்த வேண்டும்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எடை 64.5. எஸ்ஜிபிடி 68லிருந்து 31க்கு வந்திருந்தது, ஹெச்பிஏ1சி 5.6. ஸ்கேனில் கிரேடு 1. முழுதும் போகவில்லை. ஆனால் டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கணவரிடம் நீட்டி, "இது மாத்திரையால வந்ததில்ல, இவங்க கையால வந்தது" என்றார். இடையில் மூன்று மாதம் எடை அசையாமல் நின்றது, அப்போதும் ரத்த அளவுகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. தராசு நின்றால் மனம் தளர வேண்டாம், இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள்.

இப்போது என் கவலை தங்கையைப் பற்றி. நெய்வேலியில் இருக்கிறாள், ஒல்லியான உடம்பு, ஆனால் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. ஒல்லியாக இருந்தால் ஃபேட்டி லிவர் வராது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தாள். சர்க்கரை இருப்பவர்கள் எந்த உடல்வாகாக இருந்தாலும் பார்க்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் எடை குறைந்தாலே பலன் தெரியும் என்கிறார்கள். மத்திய அரசும் 2021இல் சர்க்கரை, ரத்த அழுத்தத் தடுப்புத் திட்டத்தில் ஃபேட்டி லிவரைச் சேர்த்திருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் போகும்போதே இதையும் கேட்கலாம். நான் விடாமல் சொன்னதில் போன வாரம் ரத்தம் கொடுத்தாள், பிளேட்லெட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ஃபிப்-4 கணக்கு போட்டால் 1.5 வருகிறது, 1.3ஐத் தாண்டிவிட்டது. ஃபைப்ரோஸ்கேன் எடுக்க அடுத்த செவ்வாய்க்கிழமை பாண்டிக்குக் கூட்டிப் போகிறேன். அவள் சாப்பாட்டையும் நேரமும் அளவுமாக ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.